அருவிக்குக் குறுக்கே உட்கார்ந்த ஆன்ட்டி

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போய்ப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. சோம்பலால் இல்லை. பயம். எழுதினால் சாமி குத்தம் ஆகிவிடுமோ, எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று இரண்டு பக்கமும் பயம். நான் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்தவள். ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர வேறு எழுத்துப் பழக்கம் இல்லை. நடையில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற விஷயத்தில் தப்பு இல்லை, அது என் கண் முன்னால் நடந்தது.

எங்கள் வீட்டு சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், ஒரு கறுப்பு டப்பா இருக்கிறது. அந்தக் காலத்தில் கேமராவுக்குப் போடும் ஃபிலிம் சுருளை வைத்து விற்ற சின்ன பிளாஸ்டிக் டப்பா. சாம்பல் நிற மூடி. இப்போதைய பிள்ளைகளிடம் காட்டினால் என்னவென்று கேட்பார்கள். மூடியை அழுத்தித் திறந்தால் அடியில் ஒரு சிட்டிகை சீயக்காய்த் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசனை போய்விட்டது, எனக்கு மட்டும் இன்னும் வருகிறது. வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும்போது அதையும் துடைத்து வைப்பேன். கையில் எடுத்தால் இன்றைக்கும் உள்ளங்கை எண்ணெய் பட்டதுபோல வழுக்கும். கை வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான் என்று தெரியும். தெரிந்தும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் திரும்ப வைப்பேன்.

அதைக் கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டோம். ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். தென்காசிப் பக்கம் சொந்த ஊர். அங்கிள் தவறிப்போய், மகனும் வேலைக்காக டெக்சாஸுக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவர் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நம்மவர் குடும்பங்களைச் சேர்த்து கரீபியன் தீவுகளுக்கு அழைத்துப்போவது. மௌரி அவென்யூ மளிகைக்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பார். வேலைக்குப் போக விசா இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் என்னைப் போன்றவர்களும், மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்து நயாகராவைப் பார்த்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும்தான் அவருக்கு ஆட்கள். "நாலு சொவத்தைப் பாக்கவா பிளேன் ஏறி வந்தே? கெளம்புட்டி" என்பார்.

கடற்கரைக்குக் கூட்டிப்போக மாட்டார். "பீச்சுக்குப் போனா நம்ம மாமாக்கள் கண்ணைத் தொறந்துக்கிட்டே இருப்பாவ, மாமிகள் கண்ணை மூடிக்கிட்டே இருப்பாவ. ஒருத்தரும் கடலைப் பாக்க மாட்டாவ" என்று சிரிப்பார். அதனால் காடு, குகை, கிளிகள், அருவி இப்படித்தான் அவருடைய பயணம் இருக்கும். அந்தந்தத் தீவில் காட்டுக்குள் அழைத்துப்போகும் கைடுகளிடம் முன்கூட்டியே போனில் பேசி, எங்கே ஏற்றம், எங்கே படி, முட்டிவலிக்காரர்கள் எங்கே உட்காரலாம் என்றெல்லாம் கேட்டு வைத்திருப்பார். சூட்கேஸில் துணியைவிடப் புளிக்காய்ச்சல்தான் அதிகம். ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கரை வைத்தால் புகை மணி அடித்துவிடும் என்று, குளியலறையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தலைக்குல்லாயை எடுத்து அந்த மணிக்கு மாட்டிவிடுவார். நல்ல கனத்த உடம்பு. அதை மற்றவர்கள் கிண்டல் செய்வதற்கு முன்னால் அவரே செய்துகொள்வார். "நான் ஆத்துல உக்காந்தா தண்ணியே வழிகேட்டுச் சுத்திக்கிட்டுப் போவும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வேடிக்கை. நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகள். பல வருஷம் முருகனிடம் அழுது பெற்ற பிள்ளை. அவள் ஜாதகத்தைப் பார்த்த எங்கள் ஊர் ஜோசியர், ஏழு வயது முடியும்வரை பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "பாத்டப்ல கூடவா கண்டம்?" என்று கேட்டு ஒருநாள் சிரித்தார். ஆமாம், பாத்டப்பில்கூடத்தான். நான் அதில் ஒருநாளும் தண்ணீர் நிரப்பியதில்லை. அதற்குள் வாளியை வைத்து, மக்கில் மோந்துதான் பிள்ளைக்கு ஊற்றுவேன். அபார்ட்மென்ட் நடுவில் நீச்சல்குளம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் கோடைகாலம் முழுக்க அதில் கிடப்பார்கள். என் மகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாள். "அம்மா, வொய் நாட் மீ?" என்று கேட்பாள். சளி பிடிக்கும் என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. இரண்டாயிரமாம் வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அதைச் சரிசெய்கிற வேலைதான். வீட்டுக்குத் தூங்க மட்டும் வருவார். அந்த நவம்பரில் ஆன்ட்டி ஒரு பயணம் போட்டார். தீபாவளியும் அந்த நாட்களிலேயே வந்தது. "அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவுதான், விசாத் தொல்லை இல்லை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று வீட்டுக்காரரே அனுப்பிவைத்தார். தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர்தானே? மகளுக்கு ஏழு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆன்ட்டியிடம் போய் ஜாதக விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"புள்ளைக்கு நீச்சல் தெரியுமா?"

"இல்லீங்க ஆன்ட்டி. தண்ணிப் பக்கமே விட்டதில்லீங்க."

"அப்பம் அதுதான்ட்டி கண்டம்" என்றார். பிறகு குரலை மாற்றி, "கடலுக்கு நாம போகலை. காடு, குகை, கடைசி நாள் ஒரு அருவி. குத்தாலத்துல பொறந்து வளந்தவ கூட இருக்கேன். எனக்கு அருவி என்ன புதுசா? பயப்படாம வா" என்றார்.

பயப்படாமல் எப்படிப் போவது? விமானம் கடலுக்கு மேலே பறந்த நேரம் முழுக்க ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு வேலும் மயிலும் துணை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மகள் அதை ஏற்றுவாள், நான் இறக்குவேன். தீவில் இறங்கியதும் காற்றே ஈரமாக இருந்தது. ரோட்டோரம் முழுக்கச் செம்பருத்தி. சீமைப்பலா மரத்தைப் பார்த்து எங்களோடு வந்த ஒரு மாமா, கேமராவில் ஃபிலிம் தீரும்வரை படம் எடுத்தார். சாயங்காலம் ஆனதும் விரல்நுனி அளவுகூட இல்லாத தவளைகள் விசில் அடிப்பதுபோல் கத்த ஆரம்பித்தன. எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்தார்கள். நான் எதைப் பார்த்தாலும் அதில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். மறுநாள் குகைக்குள் போனபோது கீழே எங்கேயோ ஆறு ஓடுகிறது என்று கைடு சொன்னார். அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தவள் வெளியே வரும்வரை விடவில்லை. வெயிலில் பார்த்தால் என் விரல்கள் பதிந்து சிவந்திருந்தது. ஆன்ட்டி அதைத் தடவிவிட்டபடி, "தண்ணியால ஒண்ணும் வராது, உன்னாலதான் கை முறியப்போவுது" என்றார்.

தீபாவளி அன்று காலை, இன்னும் இருட்டு பிரியாத நேரத்தில் ஆன்ட்டி கதவைத் தட்டினார். கையில் காய்ச்சிய நல்லெண்ணெய், மிளகும் ஓமமும் போட்டது. ஒவ்வொரு அறையாகப் போய் எல்லோருக்கும் அவரே தலையில் வைத்தார். தலையோடு விடவில்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகிறவர்கள் தேய்த்துக்கொள்வதுபோல, கை கால் முதுகு என்று வழிய வழியத் தேய்த்துவிட்டார். மகள் நெளிந்து சிரித்தாள். "இன்னைக்கு எல்லாருக்கும் அருவியிலதான் கங்கா ஸ்நானம். எந்த ஊர்க்காரனுக்குக் கிடைக்கும் இது?" என்றார். ஃபோட்டோக் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்த காலி ஃபிலிம் டப்பாக்களில் ஆளுக்கு ஒரு டப்பா சீயக்காய் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். வேனில் ஏறும்போது கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். எண்ணெய் மினுங்கும் முகத்தோடு, பழைய துணியைப் போட்டுக்கொண்டு, வேன் நிறைய நாங்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நாளும் கிழமையுமாக அபசகுனமாக எதையும் நினைக்கக்கூடாது என்று மனதை அடக்கினேன். அடங்கவில்லை.

அருவி என்றால் நான் மேலேயிருந்து கொட்டுவது ஒன்றைத்தான் நினைத்திருந்தேன். இது படிப்படியாக இறங்குகிற அருவி. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் குளம், அதிலிருந்து வழிந்து அடுத்த படி. கீழேயிருந்து மேலே, தண்ணீருக்குள்ளேயே ஏறிப்போவதுதான் அங்கே வேடிக்கை. எல்லோரும் வரிசையாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் கைடு ஏறுவார். அந்தக் கைடு இளவயது, கறுப்பு நிறம், மெதுவாகப் பேசுகிறவர். இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பில் லோஷனோ எண்ணெயோ இருக்கக்கூடாது, கை வழுக்கும். தண்ணீரில் சோப்போ பொடியோ போடக்கூடாது, இது பாதுகாத்து வைத்திருக்கிற காடு.

ஆன்ட்டியின் முகம் சுண்டிவிட்டது. "நோ சோப், சார். ட்ரீ பவுடர். மரத்துல காய்க்கிறது. மீனுக்குக்கூட நல்லது" என்று டப்பாவைத் திறந்து காட்டினார். கைடு மோந்து பார்த்துத் தும்மினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் தலையை ஆட்டினார். "நோ பவுடர், மேடம். சாரி." ஆன்ட்டி எல்லோரிடமும் டப்பாக்களை வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார். சீயக்காய் இல்லாமல் எண்ணெய் எப்படிப் போகும்? கைடு வேனிலிருந்து துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, எல்லோரையும் நன்றாகத் துடைக்கச் சொன்னார். துடைத்தோம். ஆன்ட்டி தன்னுடைய பெரிய சிவப்புத் துண்டால் என் மகளை உச்சி முதல் பாதம் வரை துடைத்துவிட்டு, அதையே தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கிளி படம் போட்ட ஒரு தொளதொள டீஷர்ட், முழங்கால்வரை ஒரு பழுப்பு டிராயர், அதன்மேல் சிவப்புத் துண்டு. இந்தச் சிவப்புத் துண்டைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வரவில்லை, நானும் மகளும் இங்கேயே இருக்கிறோம் என்றேன். வேன் மேலே போய்க் காத்திருக்கும், கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்றார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ப்ளீஸ் அம்மா. எவ்ரிபடி இஸ் கோயிங். ப்ளீஸ்." கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்த அதே முகம். ஆன்ட்டி என் பக்கம் குனிந்து, "நான் அவ கையை விட மாட்டேன்ட்டி. போதுமா?" என்றார். முருகா என்று சொல்லித் தலையாட்டினேன்.

முன்னால் கைடு, அவருக்குப் பின்னால் சிலர், அப்புறம் ஆன்ட்டி, ஆன்ட்டியின் கையில் என் மகள், மகளின் இன்னொரு கை என் கையில். எனக்குப் பின்னால், எங்கள் பக்கத்து ஊரான நியூவார்க்கிலிருந்து வந்த ஓர் அம்மா. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டதால் கண் சரியாகத் தெரியாமல் என் தோளைப் பிடித்தபடியே வந்தார். முதல் சில படிகள் சுலபமாக இருந்தன. தண்ணீர் முழங்கால்வரைதான். ஆனால் மேலேயிருந்து தெளித்த சாரல் தலையில் பட்டு, தலையிலிருந்த எண்ணெய் மறுபடி கழுத்து வழியாகக் கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அது வந்து சேர்வது எனக்குத் தெரிந்தது. கத்திச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நடுவில் ஓர் உயரமான பாறைப்படி வந்தது. கைடும் மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். ஆன்ட்டியும் மூச்சு வாங்க ஏறி நின்று, குனிந்து, மகளைத் தூக்கக் கை நீட்டினார். நான் கீழேயிருந்து மகளை இடுப்பில் பிடித்து ஏற்றிக் கொடுத்தேன். அவளுடைய கை ஆன்ட்டியின் கைக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். கால் படியில் பட்டது. அந்த நிமிஷம், ஈரச் சோப்பு நழுவுகிற மாதிரி, அந்தச் சின்னக் கை ஆன்ட்டியின் கையிலிருந்து வழுக்கிப் போனது. அவள் என் பக்கம் விழுந்திருந்தால் பிடித்திருப்பேன். பக்கவாட்டில், குளத்துக்குள் விழுந்தாள். தண்ணீர் அவளைச் சுழற்றிக்கொண்டு போனது. குளத்தின் ஓரத்தில், ஆன்ட்டி நின்ற படிக்கு நேர் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வாய். அந்த வாய் வழியாகத்தான் அத்தனை தண்ணீரும் கீழே பள்ளத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய தலைமுடி மட்டும் தெரிந்தது, அது அந்த வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் கால் அசையவில்லை. முருகன் பேர்கூட வாயில் வரவில்லை.

ஆன்ட்டி கை நீட்டவில்லை. வழுக்கிய கையை மறுபடி நம்பவில்லை போலிருக்கிறது. மேலே நின்ற இடத்திலிருந்து அப்படியே அந்த வாய்க்குள் குதித்து, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு பாறைக்கும் நடுவில் அந்த உடம்பு அடைத்துக்கொண்டது. பின்னால் தண்ணீர் அவருடைய தோள்வரை ஏறியது. ஏறி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிரிந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் எத்தனையோ தடவை சொல்லி நாங்கள் சிரித்த அதே மாதிரி. மகள் வந்து அவர் முதுகில் மோதினாள். அடுத்த நொடி கைடு குளத்துக்குள் பாய்ந்து அவளைத் தூக்கிவிட்டார். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. அதற்குள் எனக்கு ஒரு ஜன்மம் போய்வந்தது.

மகள் இருமினாள், தண்ணீரைத் துப்பினாள், பிறகு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டதும்தான் நான் கத்த ஆரம்பித்தேன். ஆன்ட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏட்டி, கத்தாத. புள்ளையை வாங்கு மொதல்ல" என்றார். அவர் குரல் நடுங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கைடும் இன்னொருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அடிபட்டிருக்கிறதா என்று கைடு திரும்பத் திரும்பக் கேட்டார். "ஃபைன், ஃபைன்" என்று அவரை அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"கையை விட மாட்டேன்னு சொன்னேன். விட்டுப்போச்சு" என்றார். "அந்தப் பையன் எண்ணெய் வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான்ட்டி. குத்தாலத்துப் பாறையும் இந்தப் பாறையும் ஒண்ணுன்னு நெனைச்சுட்டேன்."

ஆன்ட்டி இடுப்புப் பையில் கைவிட்டு ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்து என் கையில் வைத்து மூடினார். "ரூமுக்குப் போனதும் மொத வேலையா புள்ளைக்கு எண்ணெயை எடு. தலையில எண்ணெயோட நனைஞ்சிருக்கா, சளி பிடிச்சிரும்" என்றார். பிள்ளை பிழைத்து வந்த அந்த நேரத்தில் சளியைப் பற்றிப் பேச அவரால்தான் முடியும். ஹோட்டலுக்கு வந்து, ஷவருக்கு அடியில் மகளை நிறுத்தி, அந்தச் சீயக்காயைப் போட்டுத் தேய்த்து எண்ணெய் எடுத்தேன். அதுதான் அவளுடைய அந்த வருஷத்துக் கங்கா ஸ்நானம். "ஆன்ட்டி ஸாட் ஆன் த ரிவர், அம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். ஆமாம் கண்ணு என்றேன். டப்பாவில் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது. கழுவ மனம் வரவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் ஆன்ட்டி சீட் பெல்ட் விளக்கு அணைந்த நேரமெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டே இருந்தார். கால் மரத்துவிட்டது என்றார். முதுகின் அடி எலும்பில் விரிசல் என்பது ஊருக்கு வந்த பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அவரால் தரையில் உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்தால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டும். "மகாராணிக்குச் சிம்மாசனம் வந்தாச்சு" என்று சிலர் கேலி பேசுவார்கள். "ராணின்னா கப்பம் கட்டுங்கட்டி, ஆளுக்கு ரெண்டு வடை" என்று திருப்பிக் கொடுப்பார்.

என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே ஆன்ட்டி நேராக வீட்டுக்கு வந்து, நின்றபடியே, "தம்பி, என் எண்ணெயாலதான் புள்ளை விழுந்தா. கைடு மேல தப்பில்லை, உங்க வீட்டுக்காரி மேலயும் தப்பில்லை" என்று எல்லாவற்றையும் சொன்னார். தான் குதித்ததை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். வீட்டுக்காரர் கோபமும் நன்றியும் சேர்ந்த முகத்தோடு எழுந்து வெளியே போய்விட்டார். பொங்கல்வரை ஆன்ட்டியோடு பேசவில்லை. தை மாதத்தில் மகளுக்கு ஏழு வயது முடிந்தது. லிவர்மோர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்த அன்று மாலையே ஆன்ட்டி ஒரு நீச்சல் உடுப்போடு வந்து நின்றார். "கண்டம் முடிஞ்சிருச்சில்ல? அனுப்பு." வீட்டுக்காரர்தான் அனுப்பினார். குளிர்காலம் முழுக்க, சூடுபடுத்திய ஒரு குளத்தில், ஆன்ட்டி கரையில் நின்று பார்க்க, மகள் நீந்தக் கற்றுக்கொண்டாள். நான் வேலிக்கு வெளியே நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதவே வேண்டியிருக்காது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, வீட்டுக்காரருக்கு ஆபீஸ் நண்பர் ஒருவர் ஓர் ஈமெயில் அனுப்பினார். கரீபியன் தீவு ஒன்றில் தீபாவளியன்று அருவியில் விழுந்த ஒரு தமிழ்க் குழந்தையை, சிவப்புச் சேலை கட்டி, கொடி போல மெலிந்த அழகான பெண் ஒருத்தி தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்து காப்பாற்றினாளாம். திரும்பிப் பார்த்தால் காணவில்லையாம். கைடு கவனமில்லாமல் கையை விட்டுவிட்டானாம். அம்மனே வந்த இந்த அதிசயத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் குடும்பத்தில் கஷ்டம் வரும் என்று முடிந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் என் பின்னால் வந்த நியூவார்க் அம்மா சிவப்பாக ஏதோ ஒன்று குதித்ததை மட்டும் பார்த்திருக்கிறார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். பக்தியில் சொல்லியிருப்பார். அது வாய்க்கு வாய் மாறிச் சேலையாகிவிட்டது.

அச்செடுத்து ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார், பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டார். "இதுல நான் எம்புட்டு ஒல்லியா இருக்கேன் பாரேன். விடுட்டி, அம்மன் பேரைச் சொன்னா நமக்கு என்ன கெட்டுப்போச்சு?" கைடைப் பற்றிய வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இது மட்டும் பொய். அந்தப் பையன்தான் தூக்குனான்" என்றார். நாம் மறுத்து எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுது என்றார். நான் எழுதவில்லை. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டாலே கஷ்டம் என்றால், அது பொய் என்று சொல்கிறவளுக்கு என்ன வரும்? என் பிள்ளைக்குத் திரும்ப ஏதாவது வந்துவிட்டால்? அம்மன் வரவில்லை என்று எழுத என் கை எப்படி ஓடும்?

ஆன்ட்டி பிறகு டெக்சாஸில் இர்விங்குக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். போனில் பேசுவோம். போன வருஷம் தவறிவிட்டார். வீட்டுக்காரரும் நானும் போயிருந்தோம். படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய கைத்தடியும் அந்த நாற்காலியில் போடும் மெத்தையும். துக்கம் கேட்க வந்த ஒரு சின்னப் பெண், ஆன்ட்டியின் மருமகளுக்கு ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தாள். "கவலைப்படாதீங்க அக்கா, கடவுள் இருக்காரு. கரீபியன்ல ஒரு குழந்தையைக் காப்பாத்த அம்மனே ரெட் ஸாரியில வந்தாங்களாம், தெரியுமா?" என்று அந்தப் படத்துக்கு முன்னால் நின்றே சொன்னாள். மருமகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அழுகை வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுது" என்றார். அவர் அதுவரை எதற்கும் அப்படிச் சொன்னதில்லை.

அதனால் எழுதுகிறேன். நான் தினமும் விளக்கேற்றுகிறவள். அம்மன் வர மாட்டாள் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, தைரியமும் இல்லை. ஆன்ட்டியைக் குதிக்க வைத்தது யார் என்று கேட்டால் என் முருகன்தான் என்பேன். ஆனால் அங்கே குதித்தது ஓர் உடம்பு. அதற்கு முட்டிவலி இருந்தது, புளிக்காய்ச்சல் வாசனை இருந்தது. கிளி போட்ட டீஷர்ட் போட்டு, இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது காணாமல் போகவில்லை, எங்களோடுதான் வேனில் வந்தது, அதன் பிறகு சாகும்வரை தரையில் உட்கார முடியாமல் இருந்தது.

மகள் இப்போது தானே ஒரு தாயாகிவிட்டாள். போன தீபாவளிக்கு வந்தவள், தன் பிள்ளைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். பாத்டப்பில் அவளே தண்ணீர் நிரப்பினாள். நான் வாசலில் நின்றுகொண்டு, பிள்ளையைப் பிடி, பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "அம்மா, ஷி இஸ் ஓகே" என்றாள். என் பயம் இன்னும் போகவில்லை, இனி போகப்போவதும் இல்லை. சாமி அலமாரியிலிருந்து அந்தக் கறுப்பு டப்பாவை எடுத்துவந்து, அந்த ஒரு சிட்டிகையைத் தொட்டு, பேத்தியின் உச்சியில் வைத்தேன். மிச்சத்தை மூடி, இரண்டு கையாலும் பிடித்து, திரும்ப முருகனுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பாததால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வராது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அந்தச் சிவப்புச் சேலைக் கதையை எங்கேயாவது யாராவது உங்களிடம் சொன்னால், இதைச் சொல்லுங்கள். எண்ணெயை விட்டுவிடாதீர்கள், அது ஆன்ட்டி வைத்ததுதான். கைடு கையை விடவில்லை, பிள்ளையைத் தூக்கியவர் அவர்தான். சேலை இல்லை, துண்டு. ஆன்ட்டியை ஒல்லியாக்காமல், அழகாக்காமல், இருந்தபடியே சொல்லுங்கள். அந்த உடம்பு அவ்வளவு கனமாக இருந்ததால்தான் தண்ணீர் சுற்றிக்கொண்டு போனது.